பத்து கிலோவுக்குக் கீழே

புதுவயல் ரைஸ்மில் எடைமேடைக்குப்
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
நாய் ஏறிப் படுத்தால்
கொஞ்சம் யோசித்துப் பத்து என்று காட்டும்.
காக்கை உட்கார்ந்தால் சைபர்.
புகைபோக்கியிலிருந்து இறங்கும் உமிச்சாம்பல்
நாள் முழுக்க விழுந்தாலும் சைபர்.

மூன்று வருஷம் அதன் கண்ணாடிக் கூண்டில் இருந்தேன்.
லாரி ஏறும், பாரம் எழுதுவேன்.
இறக்கிவிட்டுத் திரும்பும், காலி எடை எழுதுவேன்.
கழித்தால் வருவது நெல்.
மாசம் ஒன்பதாயிரம்.

மேனேஜர் கதிரேசன் பேசியதையெல்லாம்
எந்த மேடையில் ஏற்ற?
"கொப்புடைநாயகின்னு பேரு வச்சா
அம்மன்னு நெனப்போ?"
சைபர்.
என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து
"இன்னைக்கும் கருவாடா? கம்ப்யூட்டரு நாறிப்போகும்."
சைபர்.
டிரைவர்கள் வரிசையில் நிற்கையில்
பேனாவை விட்டெறிந்து என்னைப் பொறுக்கச் சொன்னது.
கக்கூஸ் போய்வர எத்தனை நிமிஷம் ஆச்சென்று
எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.
அப்பா செத்துப் பதினேழாம் நாள் வேலைக்கு வந்தபோது
"அழுது முடிச்சாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?"

ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்குக் கீழே.
திரையில் எதுவும் மாறாது.
"அப்படி என்னதான் சொல்லிட்டாரு?" என்று வீட்டில் கேட்டால்
எனக்கே சொல்லத் தெரியாது.

தை மாசம், செவ்வாய்க்கிழமை.
அறந்தாங்கிப் பக்கத்து நெல்லில் மூணு மூட்டை குறையுதாம்.
என் எடைதான் தப்பாம்,
சம்பளத்தில் பிடித்தமாம்.
மன்னிப்புக் கடிதம்கூட அவரே எழுதி வைத்திருந்தார்,
நான் கையெழுத்துப் போட்டால் போதும்.
"என் கவணக்குறைவால்" என்று ஆரம்பித்தது.

மூன்று சுழி ணகரத்தை அடித்து
ரெண்டு சுழியாக்கினேன்.
கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.
"மேடையில ஏறுற வரைக்கும் எம்பொறுப்பு சார்.
குடோன் சாவி உங்ககிட்டதான இருக்கு."

"என்ன சொன்ன?"

முதல் தடவை வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.
ரெண்டாம் தடவைதான் கஷ்டம்.
வெளியே லோடுமேன் சேவுகன்
முதுகு மூட்டையை இறக்காமல் நின்றுவிட்டார்.
அவித்த நெல் வாசம் கூண்டுக்குள் வந்துகொண்டிருந்தது.
அதை ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு
அதே வார்த்தைகளைச் சொன்னேன்,
"சார்" மட்டும் விட்டுப்போச்சு.

"வெளிய போடி!"
"போறதுக்குத்தான் பையை எடுத்தேன்.
இந்த மாசம் வேலை பார்த்த நாளுக்குச் சம்பளம்?"
"ஏறி எறங்கி வாங்கிக்க."
"ஏறுவேன்."

வீரம் ஒன்றுமில்லை.
அஞ்சாம் தேதி குழுக்கடன் கட்டணும்,
தம்பிக்கு ஐ.டி.ஐ. பீஸ் கட்டணும்,
அதெல்லாம் நெஞ்சுக்குள் சடசடவென்று
மிஷின் சல்லடை மாதிரி ஓடியது.
ஆனாலும் கால் நடந்தது.

வாசலுக்கு வழி எடைமேடை மேலேதான்.
மூன்று வருஷமாக ஓரமாகவே போனவள்
அன்றைக்கு நடுவில் போனேன்.
கூண்டுக்குள் சிவப்பு எழுத்து மாறியிருக்கும்,
எழுத அங்கே ஆள் இல்லை.
சேவுகன்தான் எட்டிப் பார்த்து
லாரிக்காரருக்குச் சொல்வதுபோல் சத்தமாக
"அம்பது!" என்றார்.

காரைக்குடி டவுன் பஸ்.
கண்டக்டர் கிழித்துக் கொடுத்த மகளிர் டிக்கெட்டில் சைபர்.
கண்டனூர் தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது,
முழங்கால் வரை நடுங்கியது.
பசியாக இருக்கும் என்று
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
பஸ் முழுக்க வாசம்.
பக்கத்தில் கீரைக்கட்டோடு இருந்தவள்
முகம் திருப்பி மூக்கை உறிஞ்சினாள்.
நான் மூடியைத் தேடினேன்.

"நெத்திலியா?" என்றாள்.
"கத்திரிக்கா போட்டியா?"