எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து
வேனில் ஏறவில்லை.
கேன்டீன் பின்னால் குழாயடியில்
இரண்டு ஷாம்பூ பாக்கெட் கிழித்து
தலையின் எண்ணெயைப் போக்கினேன்.
மூக்குத்தியைக் கழற்றி பர்ஸில் போட்டேன்.
பூவை செலினாவின் டிபன் பாக்ஸ் மேல் வைத்தேன்.
இன்னாடி, எழவு வூட்டுக்கா போற? என்றாள்.

இல்லை.
ஈரச்செங்கல் பாட வந்திருக்கிறார்கள்,
காட்பாடி காந்திநகர், ஒரு காபிக்கடை மொட்டைமாடி,
இருநூற்றைம்பது ரூபாய்.

நாலு வருஷப் பழக்கம்.
கட்டிங் செக்‌ஷன் தவ்ஃபீக்
ப்ளூடூத்தில் அனுப்பிய பதினாறு பாட்டு.
முக்காட்டுக்குள் இடது காதில் ஒற்றை இயர்போன்,
வலது காது சூப்பர்வைசருக்கு.
அந்தப் பாட்டுகளில்
வலதுபக்கம் மட்டும் ஒரு கிடார் வாசிக்கிறது என்பதே
போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.
அன்றைக்கு ராத்திரி
மூன்று மணி வரை தூங்கவில்லை.

டி-ஷர்ட் தம்பியுடையது.
தீபாவளிக்கு லாங் பஜாரில் எடுத்த புதுக் கறுப்பு.
அங்கே யாரும் புதுசு போட்டு வரமாட்டார்கள்,
போட்டோக்களில் பார்த்திருக்கிறேன்.
துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்தேன்,
சரியாக வரவில்லை.
பிறகு கம்பெனியிலிருந்து
ஒரு துண்டு எடுத்துவந்தேன்.

மொட்டைமாடியில் பாலாற்றுப் பக்கமிருந்து
காற்று என்று ஒன்றும் இல்லை.
முதல் ஆல்பத்தோட முடிஞ்சிட்டாங்க,
அப்புறம் எல்லாம் வியாபாரம், என்றான் ஒருத்தன்.
தலையாட்டினேன்.
இரண்டாவது ஆல்பத்து நாதஸ்வரத்துக்கு
குளியலறையில் நின்று அழுதிருக்கிறேன்,
சொல்லவில்லை.
மினிபஸ் படப்பாட்டு அத்தனையும் மனப்பாடம்,
அதையும் சொல்லவில்லை.
உங்க ஸ்டைல் நல்லாயிருக்கு என்றாள்
கழுத்தில் பச்சை குத்தியிருந்த பெண்.
எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால்
இப்போதும் காது சுடுகிறது.

அவன் கால்மேல் கால் போட்டான்.
பூட்ஸ்.
பெங்களூர்ல ஒரு பழைய சாமான் கடை, என்றான்,
பத்து வருஷமாவது யாரோ நடந்திருப்பாங்க.

யாரும் நடக்கவில்லை.
ராணிப்பேட்டை சிப்காட்டில்
அது என் டேபிள்.
எண்பதாம் நம்பர் உப்புத்தாள்,
இடது குதியில் பதினொரு இழுப்பு,
வலதில் ஒன்பது.
ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சா
வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சிடுவான் என்பார்
சூப்பர்வைசர் பரந்தாமன்.
அதன்மேல் மெழுகு. அதன்மேல் துணி.
ஷிப்டுக்கு நூற்றெண்பது ஜோடி
பழசு செய்கிறேன்.

சொல்லியிருக்கலாம்.
கை என் தோள்பட்டைக்குப் போனது.
அங்கேயும் இடதில் பதினொன்று,
வலதில் ஒன்பது.

அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.
டிரம்ஸ்காரர் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு
பாக்கெட்டில் பேனா குத்தியிருந்தார்.
அந்தக் கிடார்
நேராக என் வலது காதுக்கு வந்தது.
சுற்றிலும் கண்ணை மூடி
மெதுவாகத் தலையசைத்தார்கள்.
கொஞ்ச நேரம் நானும் அப்படி அசைத்தேன்,
பிறகு மறந்துபோனது.
வாய்விட்டுப் பாடியிருக்கிறேன் போல,
சுருதியே இல்லாமல்.
பச்சைக் கழுத்துக்காரி
அரை அடி தள்ளி நின்றுகொண்டாள்.

கடைசி பஸ்ஸில் படப்பாட்டு.
இயர்போனை எடுத்து
இடது காதில் மாட்டினேன்,
வலது காதை டிரைவருக்கு விட்டேன்.
திருவலம் பாலம் தாண்டும்போது
பர்ஸைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
மூக்குத்தி இருந்தது, திருகு இல்லை.
துளை தூர்ந்துபோவதற்குள்
வீட்டில் ஒரு துண்டு
வேப்பங்குச்சி தேடவேண்டும்.