ஆறில் ஒன்று

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள்.
காலை பத்துக்குள் மண்டபம் ஸ்டேஷனில்
லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்படைக்க வேண்டும்.
ஐஸ் பிளான்ட் ஆபீசில்
பில் கட்டுகளை ஓரம் தள்ளி
பழைய பேப்பரை விரித்து
தோட்டாக்களை டம்ளரில் போட்டுவிட்டு
உருளையைப் பக்கவாட்டில் திறந்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கரையில் துரு தின்னாதது எது?
ஜன்னல் கம்பி, கம்ப்ரசர் போல்ட்டு,
போன வருஷம் வாங்கிய சைக்கிள் மணி.
பாலத்துக்கே பெயின்ட் அடித்து மாளவில்லை.
இது மட்டும் வாங்கிய நாளின் வெள்ளையில்.
"உப்புக்காத்துக்கு இதுதான் சார்" என்றான் விற்றவன்.
கரியைப் பற்றி அவன் பேசவில்லை.

ஆறு துளை.
ஐந்தின் வாய் சுத்தம்.
ஒன்றைச் சுற்றி மட்டும்
புகை வளையம்,
அடிப்பிடித்த சட்டி மாதிரி.

மார்கழியில் ஒரு தரம்தான்.
வாடை அடித்த இரவு
டீசல் பீப்பாய் அருகே ஆள் அசைந்தது.
வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன்.
பக்கத்தில் போய்தான்,
ஆனால் வானத்தைப் பார்த்து.
கூரைத் தகரம் அதிர்ந்து ஓய்ந்தபோது
ஆள் இல்லை.
டீசலும் குறையவில்லை.

தையில் கார்மேகம் வேலை கேட்டு வந்தான்.
இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான்.
எதைச் சொன்னாலும்
படகில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல் கத்துவான்.
எப்படி ஆச்சு என்று நான் கேட்டதில்லை.
கேட்காததற்கும் சேர்த்து
வாரம் இருநூறு கூடப் போகிறது.

மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ்,
பல்பொடிகூடப் போட்டுப் பார்த்தாயிற்று.
துணிதான் கறுக்கிறது.
அழுத்தினால் எஃகில் கீறல் விழும்.
ஏட்டம்மா ஜெபமலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார்.
"சுட்டீங்களா?" என்பார்.
அதற்கு ஒரு பதில் தயார் செய்ய வேண்டும்.

நாலு மணிக்குக் கார்மேகம் வந்தான்,
தோளில் ஈரச் சாக்கு,
முழங்கால் வரை ஐஸ் தூள்.
"என்ன முதலாளி, மண்ணெண்ணெய் நாத்தம்!"
மேஜையைப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிரஷைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.
"ஊறணும் முதலாளி! ஊறாமத் தேய்ச்சா வருமா?
கரிச்சட்டி தேய்ச்சதே இல்லையா?"

இல்லை.

எண்ணெய் விட்டான். காத்திருந்தான்.
கட்டைவிரல் நகத்தில் துணியைச் சுற்றி
வளையத்தை வளையமாகவே துடைத்தான்.
பாதி போயிற்று.
மீதி அப்படியே.

பிறகு அதைத் தூக்கி
வலது காதருகே உருளையைச் சுண்டினான்.
கிர்ரென்று ஓடியது. சிரித்தான்.
இடது காதுக்கு மாற்றினான்.
சுண்டினான்.
இன்னொரு தரம்.

"இந்தப் பக்கம் ஓடல முதலாளி"
என்றான்,
கத்தாமல்.