பதினொன்றாம் எண்

ஜிப்மரில் கொடுத்த எட்டுக் குழாய்கள்
ஃப்ரிட்ஜில் நிற்கின்றன,
இட்லி மாவுக்கும் நெத்திலிப் பொட்டலத்துக்கும் நடுவே.
ஒட்டிய சீட்டில்:
ம. தில்லைநாயகி, 34, விழித்தவுடன்.
ம. தில்லைநாயகி, 34, அரைமணி கழித்து.
அப்புறம் மதியம், அப்புறம் படுக்கும்முன்.
இரண்டு நாள்.
பல் விளக்காமல், காபி குடிக்காமல் துப்ப வேண்டும்.
யாரோடும் சண்டை போடாமல் என்று
தணிகாசலம் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

எச்சிலில் கார்டிசால் பார்க்கிறார்களாம்.
சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல் உட்கார்ந்த சுரப்பி
விடிகாலையில் அதை ஏற்றிவிடுமாம்,
எழுந்திரு, எதுவோ வருகிறது என்று.
இரவில் இறக்கிவிடுமாம்.
இதை எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.
கடலூர் துறைமுக அலுவலகத்தில்
புயல் கூண்டு ஏற்றிய நேரத்தையும் இறக்கிய நேரத்தையும்
பதிவேட்டில் எழுதுகிறவள் நான்.
கயிற்றை இழுப்பது கலிவரதன் அண்ணன்.

'வலி பத்துக்கு எவ்வளவு?' என்றார் டாக்டர்.
ஒன்று என்றால் தூரத்தில் ஏதோ கூடுகிறது.
பத்து எனக்குத் தெரியும்.
தானே கரையேறிய விடியலில்
அப்பா தோப்பில் விழுந்த பலாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் சமையலறையில்
அடிவயிற்றைச் சிமெண்டுத் தரையில் அழுத்திக் கிடந்தேன்.
நிவாரணக் கணக்கில் மரங்கள் வந்தன.

பதிமூன்று வருஷம் அதற்குப் பெயர் சூடு.
பிறகு, கல்யாணமானால் சரியாகும்.
பிறகு, ஒரு பிள்ளை.
பிறகு, அவளா, டென்ஷன் பார்ட்டி.
இப்போது எண்டோமெட்ரியோசிஸ்.
கருப்பையின் உள்பூச்சு போன்ற ஒன்று
வெளியே, குடல்மேல், சினைப்பைமேல் குடியேறி
தேதி தவறாமல் கசிகிறது.
போக வழியில்லை.
உப்பனாற்று முகத்துவாரம் மணல் மூடினால்
தண்ணீர் என்ன செய்யும்?
சோனங்குப்பத்தில் கேட்டுப்பாருங்கள்.

குழாய்களோடு ஒரு படிவமும் தந்தார்கள்.
கடைசிக் கேள்வி:
கடந்த இரண்டு வாரத்தில்
இருந்து என்ன பயன் என்று தோன்றியதா?
ஒருபோதும் இல்லை. சில நாட்கள். பல நாட்கள்.
பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடுவாளோ என்பதுபோல்
இடக்கையால் மறைத்துக்கொண்டு
'சில நாட்க'ளில் டிக் போட்டேன்.
சிஸ்டர் பிரிசில்லா படித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை,
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.
அதற்கே அழுதேன், வரிசை முழுக்கப் பார்க்க.

கோடு தட்டையாக வந்தது.
காலையில் ஏற வேண்டிய அளவு ஏறவில்லை,
இரவில் ஒழுங்காக இறங்கவும் இல்லை.
வெகுநாள் வலித்தவர்களில் சிலருக்கு இப்படி,
எல்லோருக்கும் இல்லை என்றார் டாக்டர்.
மனசு உடம்பை இழுத்ததா, உடம்பு மனசையா?
'தெரியலைம்மா. அதுக்குத்தான் உங்க எச்சில்.'
தெரியலை என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.
பிடித்திருந்தது.

பதிவேட்டின் பின்னட்டை அட்டவணையில்
பதினொன்றாம் எண் என்று ஒன்று இருக்கிறது.
நான் எழுதியதே இல்லை.
அது புயலைச் சொல்வதில்லை.
வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்தது,
இனி உன் கண்ணால் கடலைப் பார் என்று பொருள்.

திங்கட்கிழமை கடல் சும்மா இருந்தது.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
'அண்ணே, எனக்கு வலிக்குது.'
கலிவரதன் தலை நிமிராமல் கேட்டார்:
'எத்தனை?'
'ஏழு.'
எழுந்து போனார்.
பாண்டி ரம் பாட்டில் ஒன்றில் வெந்நீர் ஊற்றி
கிழிந்த சிக்னல் கொடியைச் சுற்றிக் கொண்டுவந்தார்.
லேபிள்கூட உரிக்கவில்லை.
மடியில் அணைத்து வைத்துக்கொண்டு
பேனாவைத் திறந்தேன்.
மணி பத்து நாற்பது.
எந்தப் பதிவேட்டில் எழுதுவது?