ஐந்துக்கு எத்தனை

என்ன ஆபத்து, யாருக்கு,
நடக்க எவ்வளவு வாய்ப்பு,
நடந்தால் எவ்வளவு சேதம்,
என்ன செய்யப் போகிறோம்.
நடுவில் உள்ள இரண்டுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று போட்டுப்
பெருக்கி எழுத வேண்டும்.
குமாசியில் ஏப்ரல் மாத வானத்தை
எதனால் பெருக்குவது என்று
படிவத்தில் இல்லை.

"போன வருஷமும் ஒன்றும் ஆகலையே, மேடம்"
என்கிறான் மாணவர் சங்கத்து க்வாபெனா.
அவன் கணக்கில் ஆயிரத்து ஐநூறு பேர்.
என் கணக்கில் மூவாயிரம்.
சுவரொட்டியில் பாட்டுக்குழுவின் பெயரைப் பார்த்து
கேன்டீன் பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டதை
எந்தக் கட்டத்தில் எழுத?

அளவு நாடாவின் ஒரு முனை செலோர்மிடம்,
மறுமுனை என்னிடம்.
ஜெனரேட்டருக்கும் பந்தல் துணிக்கும் நடுவே நாலடி.
"பத்தடி" என்றேன்.
எலெக்ட்ரீஷியன் அவன், பதில் பேசாமல்
கேபிளைச் சுருட்டத் தொடங்கினான்.

மேடைக்குப் பின்னால் அக்கோசுவாவின் கரி அடுப்பு.
காற்று அந்தப் பக்கம் அடிக்காதாம்.
காற்றிடம் யார் கேட்டார்கள்?
"இருபது வருஷமாய்க் கெலெவெலே பொரிக்கிறேன்,
என் சட்டிக்கு நீ அளவெடுக்கிறாயா?"
கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து,
முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினாள்.
"இது, ஒரு நாய் குறுக்கே ஓடினதில்."
நாய் என்று எழுதிக்கொண்டேன்.
வாய்ப்பு இரண்டு. சேதம் நான்கு.

கிழக்கு கேட் பூட்டியிருந்தது.
சாவி காவலர் அலஹாசனிடம்.
அலஹாசன் எட்டு மணிக்கு ட்ரோட்ரோ பிடித்து வீட்டுக்குப் போகிறவர்.
நிகழ்ச்சி எட்டரைக்கு.
போன வருஷமும் அப்படித்தான்,
அதற்கு முந்தின வருஷமும்.
அந்தப் பூட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது
இந்த "ஒன்றும் ஆகலையே".

திறந்து வைத்தால் டிக்கெட் இல்லாதவர்கள் வருவார்கள்
என்றார் துணைப் பதிவாளர்.
வரட்டும் சார், வந்தவர்கள் போகவும் வேண்டுமே.
அலஹாசனின் கூடுதல் நேரத்துக்கு அறுபது செடி.
மேடைப் பூக்களில் குறைத்தேன்.
க்வாபெனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான்காவது பாட்டில் காற்று வந்தது.
செம்மண் எழுந்து விளக்குகளை மூடியது,
அப்புறம் மழை,
சாய்ந்தல்ல, படுத்தபடியே வந்த மழை.
செலோர்ம் ஜெனரேட்டரை அணைத்தான்.
கேட்டின் மேல் பேட்டரி விளக்கு மட்டும்.
ஒரு பந்தல் கால் உதறி எழுந்து
யாரும் இல்லாத புல்வெளியில் போய் விழுந்தது.
அந்த இடத்தைக் கயிறு கட்டி வளைத்ததற்கு
சாயங்காலம் முழுக்க வசவு வாங்கியிருந்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
சிரித்தபடியே போனார்கள்.
அவர்களுக்கு அது மழை.
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.
ஏழு நிமிஷம்.
முகங்களைப் பார்க்கத் தைரியமில்லை,
தோள்களை மட்டும் எண்ணினேன்,
நானூறில் விட்டுப்போனது.

கேட்டின் இரும்புக் கதவு காற்றில் திரும்பி அடிக்கும் என்பது
என் படிவத்தில் இல்லை.
எந்த வரியிலும் இல்லை.
அலஹாசன் முதுகைக் கொடுத்து நின்றார்,
ஏழு நிமிஷமும்,
செருப்பு மண்ணில் வழுக்க வழுக்க.

திங்கட்கிழமை அறிக்கை.
காயம்: இல்லை.
கிடைத்த பொருட்கள்: பதினோரு செருப்பு, ஜோடி சேராதவை.
திறக்கப்படாத ஒரு குடை.
க்வாபெனா எட்டிப் பார்த்தான்.
"சொன்னேனே மேடம்,
இந்த வருஷமும் ஒன்றும் ஆகலை."
ஆமாம் என்றேன்.

அவன் போனதும் புதுப் படிவம் எடுத்தேன்.
ஆபத்து: கதவு.
வாய்ப்பு: ஐந்து, இனிமேல் எப்போதும் ஐந்து.
என்ன செய்யப் போகிறோம்:
அலஹாசனின் முதுகு என்று எழுதி,
அடித்துவிட்டு,
கொக்கி என்று எழுதினேன்.
இரண்டு.
இரும்பு.