இருபத்தெட்டாவது தூண்

ஒரு தூணைக் காணவில்லை.
மாத்தூர் தொட்டிப்பாலம், இருநூறில் ஒன்று அளவில்,
மேசையைத் தாண்டி ஜன்னல் படிவரை நீள்கிறது.
இருபத்தேழு நிற்கின்றன.
தொலைந்தது குன்றோரத்துக் குட்டைத் தூண்,
என் கட்டைவிரலில் பாதி.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
சேலைகூட மாற்றாமல்
எல்லாவற்றையும் பாயில் கவிழ்த்தேன்.
உண்ணாமலைக்கடையில் மழை.
ஜூன் மழைக்குக் கதவு ஜன்னல் கணக்கில்லை:
பசை பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகி,
உப்புத்தாள் நமத்து,
சிறுவாளின் பல்லெல்லாம் துரு.

மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில்
கழித்துப் போட்டவைதான் என் ஆயுதங்கள்.
முனை ஒடிந்த சொத்தை நோண்டி.
வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடி,
அதில்தான் பாலத்தின் அடிவயிற்றைப் பார்ப்பேன்.
அப்புறம், தேதி முடிந்த அச்சுமாவு ஒரு டப்பா.
தூணெல்லாம் அதில் வார்த்தது.
யார் யாருக்கோ கட்டவேண்டிய பற்கள்
பறளியாற்றில் கால் ஊன்றி நிற்கின்றன.

ஏத்தங்காய் சிப்ஸ் வந்த டின்னில் தூரிகைகள்.
கிழமை போட்ட மாத்திரைப் பெட்டியில்
திங்களுக்கு ஊசி, செவ்வாய்க்கு ட்ரில் முனைகள்.
புதனைத் திறந்தால் நிஜமாகவே ஒரு மாத்திரை,
பிரைட்சிங்கின் பிரஷர் மாத்திரை.
எந்தப் புதன் என்று நான் கேட்கவில்லை.

லேபிள் எழுதினேன்:
வெட்ட. பிடிக்க. தேய்க்க.
எதிலும் சேராதது பாதிக்குமேல் மிஞ்சியது.
ஒரு சுருள்கம்பி, பொம்மையின் ஒற்றைக் கண்,
புகைவாசம் போகாத ரப்பர் ஷீட் துண்டு,
எதற்கென்று எடுத்து வைத்தேனோ அந்தப் பித்தளை வளையம்.
இருப்பதில் பெரிய டப்பாவில் போட்டு
"பிறகு" என்று ஒட்டினேன்.

"எனக்க நெகவெட்டி எங்க?"
உள்ளேயிருந்து குரல்.
அது "வெட்ட"வில் இருந்தது.
அனிஷ்மாவின் ஹேர் கிளிப் நான்கு "பிடிக்க"வில்.
அவளுடைய பழைய பல் பிரஷ் "தேய்க்க"வில்.
பழையது என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.
மூடி போடும்போது புரிந்தது,
இவ்வளவு நேரம் நான் அடுக்கியது
பாதி வீட்டை.

மணி ஆறு. எல்லாம் கிடைத்தது, தூண் மட்டும் இல்லை.
குப்புறப் படுத்து, பல் கண்ணாடியை நீட்டி,
அலமாரிக்கடியில், கட்டிலுக்கடியில்,
கடைசியில் மேசைக்கடியில்.
நின்றுகொண்டிருந்தது.
மேசையின் இடதுகால் அதன்மேல்.

மூன்று வாரமாய் மேசை ஆடவில்லை.
ஆடாததை யார் கவனிக்கிறார்கள்?

"மேசை ஆடிச்சு, வச்சேன்.
வெள்ளக் கல்லுண்ணு நெனச்சேன்.
இல்லேண்ணா ஒனக்க பாலம் விழுந்துருமே."

உருவ நீண்ட கை பாதியில் நின்றது.
மேலே இருபத்தேழு தூண்,
பசை காயாத தொட்டி.

டப்பாவில் மாவு ஒரு கரண்டி மிச்சம், போதும்.
அது இறுகும்வரை குறிப்பேட்டில் எழுதினேன்:
தூண் 28, மேசைக்கடியில். வேலையில் இருக்கிறது.

உள்ளே நகம் வெட்டும் சத்தம்.
முடிந்ததும் டப்பாவில் வைக்கச் சொல்லவேண்டும்.