அறுபது விநாடித் தாமிரம்

கரிமுனையை அலுமினாப் பொடியில்
எட்டு எட்டாக வரைந்து தேய்க்கிறேன்,
டியூப்லைட் அதில் தெரியும்வரை.

மயில்துத்தக் கரைசல்.
மைனஸ் பாயின்ட் நாலு வோல்ட்.
அறுபது விநாடி.
கூடினால் தடித்துவிடும், குறைந்தால் ஒட்டாது,
அபிஷேகப்பட்டிக் கரண்டோ
நாற்பத்தொன்றில் போகும்.
மறுபடி தேய். மறுபடி எட்டு.

இன்று நின்றது.
முனையில் மங்கலாய் ஒரு பழுப்பு, அவ்வளவுதான்.
உள்ளே பெரணி பெரணியாய்ச் செம்பு கிளைத்ததா என்பது
காரைக்குடியிலிருந்து படம் வந்தால்தான் தெரியும்,
முறை வர மூன்று வாரம்.
நைட்ரேட்டுக்குப் படம் வேண்டாம்.
தொட்டதும் கண்டுகொள்ளும்.

ஜெபக்கனி குறுக்குத்துறையில் மொண்டுவந்த நீர்,
பாட்டிலில் பென்சிலால் 'கு-3'.
சொட்டியதும் திரையில் கோடு நெளிந்து
இறங்கிற்று, இறங்கிற்று,
கட்டத்தின் அடி விளிம்பைத் தாண்டி.
புது முனை. இன்னோர் அறுபது.
அதே பள்ளம்.

"மிசினு சரியாத்தான இருக்குக்கா?"
"சரியாத்தாம்ட்டி இருக்கு."

இந்தப் பள்ளத்துக்குத்தான்
நான்கு வருடம் இங்கே கிடந்தேன்.
கைதட்ட எடுத்த கை
மேசைமேல் தண்ணீர்ப் பாட்டிலில் போய் நின்றது.
காலையில் வண்ணார்பேட்டைக் குழாயில் பிடித்தது,
பாதி குடித்தாயிற்று.

பேரிலேயே தாமிரம் வைத்திருக்கும் ஆறு,
தன்னைப் பற்றிச் சொல்ல
ஒரு சிட்டிகைத் தாமிரம்
என்னிடம் கடன் கேட்டிருக்கிறது.

ஜெபக்கனி பென்சிலை நீட்டுகிறாள்.
மீதித் தண்ணீரைக் குடுவையில் ஊற்றி
எழுதுகிறேன்:
'வீடு-1'.