குறைந்தபட்சம் ஒரு கிலோ

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
கூட்ஸ் வண்டி நகர்வதற்காக
மஞ்சள் வேன் காத்து நிற்பது மாடி ஜன்னலில் தெரிகிறது.
டிரைவர் சுதர்சனம் இறங்கி பீடி பற்றவைக்கிறார்.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில்
இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி.

நான் இந்த மகப்பேறு மனையின் கணக்கு எழுத்தர்.
ரத்தம் பார்த்ததில்லை. ரசீது பார்த்திருக்கிறேன்.

சுற்றறிக்கை மார்கழியில் வந்தது.
கலைந்ததற்கும் கலைத்ததற்கும்
இனி தனிப் பை, தனிப் பெட்டி, தனி நடை.
பூட்டுள்ள குளிர்ப்பெட்டி ஒன்று.
பார்கோடு அச்சடிக்க ஓர் இயந்திரம்,
அது கெட்டால் பார்க்க கிண்டியிலிருந்து ஒருவர்,
அவருக்கு ஆட்டோ.
கரண்ட் போனால் ஜெனரேட்டர்,
ஜெனரேட்டருக்கு டீசல்,
டீசலுக்கு ஒரு பதிவேடு,
பதிவேட்டில் கோடு போட நான்.

எல்லாம் 'பிற செலவுகள்' என்ற தலைப்பில் போகும்.
எதிலிருந்து எடுத்தோம் என்றால்
இரும்புச்சத்து மாத்திரை,
தாழ்வாரத்துக்கு ஒதுக்கிய ஆறு பெஞ்சுகள்,
கழிவறைக் கதவு.
கதவு இருக்க வேண்டிய இடத்தில்
பழைய பேனர் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம்.
அதில் யாரோ கும்பிட்டபடி சிரிக்கிறார்.

தராசு ஐம்பது கிராமுக்குக் கீழே காட்டாது.
பன்னிரண்டு வாரம் என்றால்
பதினாலு கிராம் இருக்கும் என்றார் டாக்டர்.
ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் ஒரு கிலோ.
ஆகவே எடைக் கட்டத்தில் சுழி,
தொகைக் கட்டத்தில் முழுத் தொகை.
தணிக்கையாளர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
ஒன்றுமில்லாததற்குப் பணம் ஏன்?
மூன்று நாளில் விளக்கம் தேவை.

தேசம்மாவைக் கேட்டேன்.
பையைக் கட்டுகிறவள் அவள்தான்,
இருபது வருஷமாகத் தினக்கூலி.
"முன்ன நடந்தது தப்பு சார்.
நாய் இழுத்துனு போவும். நானே கல்லு வுட்டு துரத்திருக்கேன்.
பை வேணும். பெட்டியும் வேணும்.
எனுக்குக் கையுறை கேட்டா மட்டும்
துட்டு இல்லன்றாங்களே,
அதான் இன்னான்னு புரியல."
விளக்கத்தில் இதை எழுத இடமில்லை.

புதன்கிழமை கையெழுத்துக்கு வந்தவள்
காசிமேட்டில் இறால் உரிக்கிறவள்.
விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.
மூன்று படிவம், நாலு கையெழுத்து.
அமலோற்பவம் என்று நிதானமாக எழுதினாள்.
கடைசி இரண்டு எழுத்து
கட்டத்துக்கு வெளியே நின்றது.
பரவாயில்லை என்றேன்,
பையில் பெயர் வராது, நம்பர்தான்.

"எங்க இட்னு போவீங்க?"
மணலி தாண்டி. அங்கே உலை இருக்கிறது.
"எவ்ளோ ஆவும்?"
உங்களுக்கு ஒன்றுமில்லைம்மா, கவர்மென்ட் கட்டும்.
"கட்டட்டும். எவ்ளோ?"

கூட்டிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"காலைல எட்டு மணிலேந்து
படிக்கட்டுல குந்தினு இருந்தேன் சார்.
வர்றவன் போறவன்லாம் தாண்டினு போனான்.
அந்தத் துட்டுல ஒரு பெஞ்சு போட்ருக்கலாம்."

அழவில்லை.
நாலு மணிக்குள் ஷெட்டுக்குப் போனால்
அரைநாள் கூலியாவது நிற்கும் என்று
பேனாவை மூடி, என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.
போன அரைநாளை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

நேற்று எல்லோரும் கிளம்பிய பிறகு
தராசில் என் சாவிக்கொத்தை வைத்துப் பார்த்தேன்.
சுழி.
கூடவே பேனா.
சுழி.
கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தபோதுதான்
பச்சை எண் எரிந்தது.
உடனே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன்,
திருடியவனைப் போல.

கேட் திறந்துவிட்டது. ஹாரன்.
விளக்கத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' வரை எழுதியிருக்கிறேன்.
கீழே
தேசம்மா வெறுங்கையால் பெட்டியைத் தூக்கி
இறங்குகிறாள்.
படியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்
முழங்காலை மடக்கி
வழி விடுகிறார்கள்.